டிரிப்பர் விழுகிற வீடு

மறுபடியும் விழுந்துவிட்டது. பின்பக்கத் தொட்டியில் இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த புஷ்பலதாவுக்கு, வாசல் பக்கத்திலிருந்து அந்த ‘டக்’ கேட்டதும் எரிச்சல் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. ஹாலில் ஃபேன் முனகிக்கொண்டே நின்றது, ஃபிரிஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓய்ந்தது, மேல்வீட்டில் யாரோ மிக்ஸி போடுகிற சத்தம் மட்டும் இவளைக் கேலி செய்கிறாற்போல இறங்கி வந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கிறது, இந்த வீட்டுக்குத்தான் இல்லை. சோப்பு நுரையோடு கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். தொட்டிக் குழாயை மூட வேண்டும், தண்ணீர் வீணாகப் போகிறது, ஆனால் அந்தக் குழாயைத் தொட இப்போது மனசு வரவில்லை, முழங்கையால் இடித்து இடித்து ஒருவழியாக மூடினாள். சொந்த வீட்டுக் குழாயை முழங்கையால் மூடுகிற பிழைப்பு. கணவர் ஞானசேகரன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். துறையூரிலிருந்து அவருடைய தங்கை வீட்டுக்காரன் தனபால் வருகிறான், எலக்ட்ரீஷியன், அழைத்து வந்ததும் இன்றைக்கே டைரக்ட் கொடுத்துவிடுவார்களாம். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாகக் கீழே விழுந்து மொத்த வீட்டையும் அணைக்கிற டிரிப்பரை நடுவிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, வருகிற ஒயரையும் போகிற ஒயரையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அப்புறம் எது கசிந்தாலும் வீடு அணையாது. கிரிக்கெட் நடுவில் நிற்காது. காப்பிக்கு வைத்த பால் ஃபிரிஜில் திரியாது. தொட்டிக் குழாயில் இவள் கை ஒட்டிக்கொண்டால் மட்டும், அதை வாசலுக்குச் சொல்லிக் கரண்ட்டை நிறுத்த ஒன்றும் இருக்காது. இந்த வீட்டில் அவள் பேச்சை நம்புகிற ஒரே பொருள் அந்தக் கறுப்புக் கட்டைதான், அதைத்தான் கழற்றப் போகிறார்கள். நைட்டியில் கையைத் துடைத்தாள், போதவில்லை, துண்டில் துடைத்தாள், அதற்கப்புறமும் விரலுக்கு விரல் பார்த்துக்கொண்டாள், நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று.

பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். டிரிப்பர் பெட்டி வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது, மூடியில் சமையல் பிசுக்கும் ஒட்டடையும் சேர்ந்து விரல் பட்டால் பிசுபிசுக்கிறது, கரப்பான் எச்சம் மிளகு தூவினாற்போலக் கிடக்கிறது. இதை யார் துடைப்பது? டி.வி. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு வைத்திருக்கிற மனுஷர், தன் கை தினமும் போகிற பெட்டியைத் துடைத்ததில்லை. ஐப்பசி மழையில் ஆரம்பித்தது இது. முதலில் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஓடுகிறாற்போல இருந்தது. ஒருநாள் மணிக்கட்டு வரைக்கும் சுர்ரென்று ஏறி, கையிலிருந்த குக்கர் மூடி தரையில் விழுந்து உருண்டது. ஓடிப்போய்ச் சொன்னாள். “என்னங்க, தொட்டிக் குழாய்ல ஷாக் அடிக்குது.” அவர் பேப்பரை இறக்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல லதா, உன் உடம்பு வாகு அப்படி. சிலபேருக்கு ஸ்வெட்டர் கழட்டினாக்கூட அடிக்கும்.” திருச்சியில் எவன் ஸ்வெட்டர் போடுகிறான்? உடம்பு வாகு. அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டு மென்ற விதம். சாயங்காலம் வரும்போது நரம்புச் சத்து மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்தார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று என்று பரிவாகக் கையில் வேறு கொடுத்தார், இவளும் விழுங்கினாள், அதுதான் இப்போது நினைத்தால் தொண்டையில் கசக்கிறது. கரண்ட் கசிவதற்கு மாத்திரை சாப்பிட்ட பெண்பிள்ளை உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா? அதன் பிறகுதான் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. அது விழுந்ததும் ஆள் பரபரத்துப் போனார். பெண்டாட்டி சொன்னால் உடம்பு வாகு, டிரிப்பர் சொன்னால் ரிப்பேர். வாஷிங் மெஷினைத் தூக்கிப் போய்க் காட்டினார்கள், கோளாறு இல்லை. ஹீட்டரைக் கழற்றினார்கள், அதிலும் இல்லை. போன வாரம் தனபால் வந்து இதே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், காதைச் சொறிந்தான். “உள் ஒயரிங்ல எங்கயோ ஈரம் எறங்கியிருக்கு மச்சான். சொவத்த ஒடைக்காம கண்டுபுடிக்க முடியாது. பேசாம டைரக்ட் குடுத்துட்டா தொல்லை விட்டுது.” தொல்லை விட்டது. யாருடைய தொல்லை?

அவன் அன்றைக்குச் செய்ததைச் சமையலறை வாசலில் நின்று இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதையே செய்தாள் இப்போது. பெட்டியில் வரிசையாக இருந்த சின்ன சுவிட்சுகளை எல்லாம் கீழே இறக்கினாள். பெரிய டிரிப்பரை மேலே தள்ளினாள், நின்றது. பெட்ரூம் சுவிட்சை ஏற்றினாள், நின்றது. சமையலறை, ஃபிரிஜ் உயிர்பெற்று உறுமியது, நின்றது. ஹாலுக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்து இருக்கிற கடைசிச் சுவிட்சைத் தொட்டு ஏற்றியதும் முகத்துக்கு நேரே டக். ஸ்டூல் ஆடியது, விழுந்து தொலைத்திருந்தால் அதுவும் உடம்பு வாகுதான். இறங்கிப் போய் ஹாலில் இருக்கிற ஒவ்வொன்றாக அணைத்தாள். டியூப்லைட், ஃபேன், டி.வி. பிளக்கையே பிடுங்கினாள், செல்போன் சார்ஜரைப் பிடுங்கினாள், பின்பக்கத்துப் பல்பை அணைத்தாள். மறுபடி ஏறி, மறுபடி ஏற்றி, மறுபடி டக். எல்லாம் அணைத்தாகிவிட்டது, எதுவுமே எரியவில்லை, எதுவுமே ஓடவில்லை, அப்படியும் விழுகிறது என்றால் அணைக்காத ஒன்று இருக்க வேண்டும். எது? அணைக்காதது எது? யோசனை அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது, மேலே நகர மாட்டேனென்றது. அவர்கள் வருவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் முடிந்தது கதை, அந்த இரண்டு பேரும் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு டீ கேட்பார்கள், இவள் டீ போட்டுவிட்டு டம்ளர் கழுவ அந்தத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஈரக்கையோடு. ஈரத் தரையில், வெறுங்காலோடு. ஒருநாள் சுர்ரென்று ஏறுவது மணிக்கட்டோடு நிற்காது. தொட்டியோரம் நைட்டி முழுக்க நனைந்து, வாய் கோணி, சோப்பு நுரை கையில் காய்ந்தபடி கிடப்பாள், அவர் டி.வி. முடிந்து காப்பி எங்கே என்று குரல் கொடுத்து, பதில் வராமல் கோபப்பட்டு, அப்புறம் எழுந்து வருவார். வந்திருக்கிற சனத்திடம் என்ன சொல்வார் என்பதுகூடத் தெரியும். அவ உடம்பு வாகு அப்படிங்க, மாத்திரைகூட வாங்கிக் குடுத்தேன். பிறகு சுவரில் தன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து இவளையும் மாட்டுவார். ஸ்டுடியோக்காரன் இவள் கட்டாத பட்டுப்புடவை ஒன்றைக் கழுத்துவரைக்கும் ஏற்றி, உதட்டுக்குச் சிவப்பு பூசித் தருவான், அதன் கீழே இவளுக்கும் ஒரு பல்பு எரியும், பச்சையோ நீலமோ, அது யாரும் எப்போதும் அணைக்கக்கூடாத

அணைக்கக்கூடாத. ஸ்டூலில் நின்றபடியே திரும்பினாள். மாமியார் படம் எதிர்ச்சுவரில் இருட்டாக இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் கீழேயிருந்து சிவப்பு வெளிச்சம் படாமல் அந்த முகத்தை அவள் நின்று பார்த்ததே இல்லை. படத்தின் அடியில் பிளாஸ்டிக் தாமரைக்குள் குண்டு மணி அளவு சிவப்பு பல்பு, ராப்பகல் எரிய வேண்டியது, ஊருக்கே கரண்ட் போனால் மட்டும் மன்னிப்பு. கருமாதி முடிந்த கையோடு தனபால்தான் மாட்டினான். எங்கே சுவிட்ச் வைக்கட்டும் என்று கேட்டதற்கு இவர் பதறினார். “சுவிட்சே வேணாம் மாப்ளே. யாராவது மறந்து அணைச்சுத் தொலைப்பாங்க. அம்மா வெளக்கு, அது பாட்டுக்கு எரியட்டும்.” யாராவது என்றபோது பார்வை இவள் பக்கம் வந்தது. சுவரின் அந்தப் புறம்தான் பாத்திரத் தொட்டி, அங்கே போகிற ஒயரிலிருந்து சுவரைத் துளைத்து இந்தப் பக்கம் இழுத்து மாட்டினான். அதனால்தான் போன வாரம் அரை நாள் தேடியும் இரண்டு பேருக்கும் அது தட்டுப்படவில்லை. லைட்டு, ஃபேன், மெஷின் என்றுதான் எண்ணினார்கள், அம்மாவை யாராவது கரண்ட்டில் ஓடுகிற சாமானாக எண்ணுவார்களா? புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் புளித்து ஏப்பமாகிப் போயிற்று. அம்மா வெளக்கு. அம்மா உயிரோடு படுத்திருந்தபோது இந்த மகன் அறைக்குள் வந்தது எத்தனை நாள்? வாசலில் நின்று மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு “சாப்பிட்டாங்களா?” என்பார். கிழவி தலையைத் திருப்புவதற்குள் கர்ச்சீப் போயிருக்கும். பீத்துணி அலசியவள் இவள், முதுகுப் புண்ணில் கசிவதைத் துடைத்தவள் இவள், கஞ்சியை இவள் மேலேயே துப்பிவிட்டுக் கிழவி அழும், இவள் திட்டுவாள், திட்டிவிட்டுத் தலை வாரிவிடுவாள். அதிலெல்லாம் அருவருப்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆனால் கையைக் கழுவினால் போய்விடுகிற அருவருப்பு. இந்தச் சிவப்பு பல்பு கழுவினால் போகாது. தினமும் குளித்துவிட்டு வந்து, விபூதி பூசி, இதன் முன்னால் கண்ணை மூடி நிற்பார், மூடிய இமைமேல் அந்தச் சிவப்பு விழும், வந்திருப்பவர்கள் யாராவது பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று தெருவே சொல்கிறது. அந்தப் பக்கம் தொட்டியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு, குழாயில் ஷாக் வாங்கிக்கொண்டு, இவள் பாத்திரம் தேய்த்திருக்கிறாள்.

மெயினையே இறக்கினாள். இறக்கியதை இன்னொரு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஸ்டூலை இழுத்துப்போய்ப் படத்தின் அடியில் போட்டு ஏறி, ஃபிரேமை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கியபோது பின்னாலிருந்து ஏதோ பொலபொலவென்று உதிர்ந்து இவள் கழுத்துக்குள் இறங்கியது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். படத்தை சோபாமேல் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவரில் படம் இருந்த இடம் முழுக்க ஓதம். சுண்ணாம்பு ஊறி உப்பிப்போய், பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தப் புறத்துக் குழாய் மூட்டு எத்தனை நாளாகக் கசிகிறதோ. நடுவில் துளை, துளையிலிருந்து வருகிற ஒயர், ஒயரோடு ஒட்டிக் காய்ந்த ஒரு பல்லி. தோலும் எலும்புமாக, வால் இல்லாமல், வாயைத் திறந்தபடி. அதைச் சுற்றி பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன, கரப்பான் குஞ்சுகள் ஓடின, சாம்பிராணி வாசமும் செத்த வாசமும் கலந்து வந்தது. குங்குமமும் எண்ணெயும் வழிந்து வழிந்து ஒயரின் மேல் உறை நைந்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பி ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாயில் உமிழ்நீர் ஊறியது. இறங்கிப் போய்க் குளியலறையில் துப்பினாள், மறுபடி துப்பினாள், வாந்தி வரவில்லை. இதற்கு முன்னால்தான் கண்ணை மூடி நின்றார். இதைத்தான் நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்துத் தொட்டுக் கும்பிட்டேன். கழுத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள், தோல் சிவக்கிற மட்டும் துடைத்தாள். பிறகு பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்து ஒயரைத் துளை ஓரத்திலேயே வெட்டினாள், இரண்டு முனையையும் தனித்தனியாகப் பிரித்து, முதலுதவி டப்பாவிலிருந்த பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்றினாள். மாமியார் புண்ணுக்கு வாங்கியதில் மிச்சம். கிழவி இருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒன்றும் சொல்லியிருக்காது, தலையில் பேன் கடிக்கிறது, பார் என்றிருக்கும்.

மெயின். பெரிய டிரிப்பர். பெட்ரூம், சமையலறை. கடைசிச் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏற்றாமல் நின்றாள், இதுவும் இல்லை என்றால் அப்புறம் சொல்வதற்கு எதுவும் இல்லை, உண்மையிலேயே உடம்பு வாகுதான் என்று ஆகிவிடும், அதை நினைத்தபோதுதான் இத்தனை நாளாகத் தான் பாதி நம்பிவிட்டிருந்தது தெரிந்தது, அந்தப் பாதியின்மேல் வந்த அருவருப்பு அவர்மேல் வந்ததைவிட மோசமாக இருந்தது. ஏற்றினாள். நின்றது. விழவில்லை. ஃபேன் போட்டாள், லைட் போட்டாள், டி.வி.யைக்கூடப் போட்டாள், நின்றது. பின்பக்கம் போய்க் குழாய்க்கு முன்னால் நின்று, புறங்கையால் தட்டி எடுத்தாள். ஒன்றுமில்லை. விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. முழு உள்ளங்கையால் பிடித்துத் திறந்து, சுவர் நனையத் தண்ணீரை வாரி வாரி அடித்து, காது கொடுத்துக் கேட்டாள். வாசலிலிருந்து டக் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. அதை நிறுத்தாமல் அப்படியே நின்று அழுதாள், கையைக் கழுவுவதும் அழுவதுமாக, எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். தனபால் தோளில் கருவிப் பை. ஞானசேகரன் சுவரைப் பார்த்தார், சோபாவில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார், வெட்டுப்பட்ட ஒயரைப் பார்த்தார். ஃபேன் ஓடுவதைப் பார்க்கவில்லை.

“அம்மா வெளக்க யார் வெட்டினது?”

“நான்தாங்க. அதுலதான் கசிஞ்சிருக்கு. வெட்டினதும் டிரிப்பர் நிக்குது. குழாய்லயும் ஷாக் இல்ல. வந்து பாருங்க, சொவரு எப்படி இருக்குன்னு.”

தனபால் எட்டிப் பார்த்தான். பல்லியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். “ஆமா மச்சான். அக்கா சொல்றது சரிதான். இத நான் யோசிக்கவே இல்ல பாருங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் ஞானசேகரன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “ஒயரச் சேத்து வெளக்க மாட்டு. டிரிப்பரத் தூக்கிட்டு டைரக்ட் குடு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, வந்த வேலைய முடி. அம்மா இருட்டுல இருக்கக்கூடாது.”

“கொழா மூட்டு கசியுது மச்சான். அதச் சரி பண்ணாம டைரக்ட் குடுத்தா...”

“அவளுக்கு மட்டும்தான்டா ஷாக் அடிக்குது. அவ உடம்பு வாகு. நான் எத்தன தடவ அந்தக் கொழாயத் தொட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல.”

புஷ்பலதா சண்டைக்குப் போகவில்லை. குரல்கூட உயரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “சரிங்க. தம்பி, நீங்க ஒயரச் சேருங்க. டைரக்டும் குடுங்க. குடுத்ததும், என்னங்க, நீங்க ஒரே ஒரு தடவ கையை நனைச்சுக்கிட்டுப் போய் அந்தக் கொழாயத் தெறந்து விட்டுட்டு வாங்க. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“இவ்வளவுதானே? தாராளமா” என்றார். தங்கை வீட்டுக்காரன் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாது. தனபால் இவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஞானசேகரன் அவன் ஒயரைச் சேர்ப்பதற்குக்கூடக் காத்திராமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போகத் திரும்பியவர், இரண்டடி வைத்துவிட்டு நின்றார். பிறகு வாசலுக்குப் போனார். அங்கே கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு ஹாலுக்குள் வந்தார். அம்மா படம் இருக்கிற ஹாலில் செருப்போடு ஒருவரும் நடக்கக்கூடாது என்று, வாசல்படி தாண்டி ஒரு அடி வைத்த கேபிள்காரனைச் சத்தம் போட்டு வெளியே அனுப்பியவர், சோபாவில் சாய்ந்திருந்த அந்த அம்மாவைத் தாண்டி, சப்சப்பென்று சத்தம் கேட்க நடந்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்தாற்போலத் தெரியவில்லை. கால் தானாகப் போய் எடுத்திருக்கிறது, அந்தக் குழாயைத் தொடப் போகும்போதெல்லாம் இத்தனை நாளும் அப்படித்தான் எடுத்திருக்கும், காலில் ரப்பர் இருந்தால் ஷாக் ஏறாது. தெரியும். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் மாத்திரை வாங்கி வந்தார். தனபாலும் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“செருப்பைக் கழட்டிட்டுப் போங்க” என்றாள் புஷ்பலதா.

அவர் காலைப் பார்த்தார். கழற்றவில்லை.